வீட்டுக் காற்றுக் குழாய்களும் எமது மூச்சும்

இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும் நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கின்றது. எடுத்தால், "உங்கள் வீட்டுக் காற்றுக் குழாய்களைத் துப்புரவாக்க வேண்டுமா? எங்கள் ஆட்கள் நாளைக்கு உங்கள் பகுதியில்தான் நிற்கிறார்கள். 99 டொலர் மட்டும்" என்கின்றது ஒரு குரல். ரொறன்ரோப் பகுதியில் வீடு வாங்கிய எம்மவர்களில் இந்த அழைப்பு வராதவர்கள் குறைவு. பலர் பேசாமல் வைத்துவிடுவார்கள். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மூச்சு இழுப்பு இருந்தாலோ, ஊரில் இருந்து வந்த அம்மாவுக்கு இருமல் நிற்காமல் இருந்தாலோ மனம் ஒரு கணம் தடுமாறும். இந்தக் குழாய்க்குள் கிடக்கின்ற ஊத்தைதானோ காரணம் என்று தோன்றும்.

அப்படித் தடுமாறிய ஒரு குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகின்றோம். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியுள்ளோம்.

பையனுக்கு ஏழு வயது. ஆஸ்துமா, ஊரில் தொய்வு என்போமே, அது. ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் இழுக்க வேண்டிய தடுப்பு பம்ப் எழுதிக் கொடுத்திருந்தோம். டிசம்பர் மாதம் குழாய் துப்புரவாக்கும் ஆட்கள் வந்தார்கள். 99 டொலர் என்று வந்தவர்கள், உள்ளே கறுப்பாகப் பூஞ்சணம் படிந்திருக்கின்றது என்று தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்கள். மருந்து அடிக்காவிட்டால் பிள்ளைக்குக் கூடாது என்றார்கள். போகும்போது 700 டொலருக்கு மேல் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் படம் அந்த வீட்டுக் குழாயின் படம்தானா என்பது யாருக்கும் தெரியாது. இனி வீடு சுத்தம் என்ற நம்பிக்கையில் பெற்றோர் பம்பை நிறுத்திவிட்டார்கள். "சும்மா ஏன் பிள்ளைக்கு ஸ்ரீரொயிட் குடுப்பான் எண்டு விட்டிட்டம்" என்று பிறகு சொன்னார்கள். மூன்றாவது கிழமை நடு இரவில் பிள்ளை அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான்.

"குழாய் முழுக்கத் துப்புரவாக்கிப் போட்டமே டொக்டர், பிறகும் ஏன் இழுக்குது?" என்று தாயார் எம்மிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

குழாய்க்குள் என்ன நடக்கின்றது?

ஊரில் எமது வீடுகளில் யன்னலும் முற்றமும் இருந்தன. காற்று தானாக வந்து தானாகப் போனது. இங்கே வருடத்தில் ஐந்து, ஆறு மாதம் யன்னல் திறப்பதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசிக்கின்றோம்.

பேஸ்மென்டில் நிற்கும் ஃபேர்னஸுக்குள் ஒரு பெரிய விசிறி உண்டு. அது அறைகளில் உள்ள காற்றை ஒரு பக்கக் குழாய்களால் இழுத்து, பில்டருக்குள்ளால் விட்டு, சூடாக்கி, மறுபக்கக் குழாய்களால் அறைகளுக்குத் திருப்பி அனுப்புகின்றது. நிலத்தில் இருந்து காலுக்குச் சூடாக அடிக்கும் சிறிய வென்ட்கள் காற்றைத் தருபவை. சுவரில் தெரியும் பெரிய தட்டிகள் காற்றைத் திரும்ப எடுப்பவை. ஊத்தை கூடுதலாகச் சேர்வது திரும்ப எடுக்கும் பக்கத்தில்தான், ஏனென்றால் அங்கே காற்று இன்னும் பில்டருக்குள்ளால் போகவில்லை. தட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பயப்படுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

அந்தத் தூசி எங்கிருந்து வருகின்றது? எமது தோலில் இருந்து உதிரும் செதில், உடுப்பிலும் கார்பெட்டிலும் இருந்து வரும் நார், சப்பாத்தோடு வரும் மண், சமையல் புகை. குழாய் தானாகத் தூசியை உண்டாக்குவதில்லை. வீட்டில் உண்டாவதில் ஒரு பகுதி போய் அங்கே படிகின்றது. உலோகச் சுவரில் படிந்த தூசி பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். எமது மூக்குக்கு வருவது பெரும்பாலும் நடக்கும்போதும் கட்டிலை உதறும்போதும் சமைக்கும்போதும் அறைக்குள்ளேயே கிளம்பும் தூசிதான்.

இது எமது சொந்தக் கருத்து மட்டும் அல்ல. கனடாவின் ஈட்டு, வீடமைப்புக் கூட்டுத்தாபனம் இதை வீடுகளில் ஆராய்ந்து பார்த்தது. குழாய்களைத் துப்புரவாக்குவதால் நாம் சுவாசிக்கும் காற்றின் தரமோ வெப்பமூட்டும் செலவோ பொதுவாகக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறுவதில்லை என்பதே அதன் முடிவு. ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1997இல் பொதுமக்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. குழாய் துப்புரவாக்குவது நோய்களைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை, வருடா வருடம் வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலையும் அல்ல, தேவை வந்தால் செய்யுங்கள் என்கின்றது அது.

எப்போது தேவை?

தேவையான வேளைகளும் உண்டு. குழாயின் உட்சுவரில் கண்ணால் காணக்கூடிய பூஞ்சணம் படர்ந்திருந்தால், எலியோ கரப்பானோ குடிபுகுந்திருந்தால், வென்டில் இருந்து தூசி பறந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தால் துப்புரவாக்க வேண்டும். பேஸ்மென்டில் வெள்ளம் ஏறிக் குழாய் நனைந்திருந்தாலும் அப்படியே. பூஞ்சணம் என்று சொன்னால் எங்கே என்று நேரில் காட்டச் சொல்லுங்கள். கறுப்பாகத் தெரிவதெல்லாம் பூஞ்சணம் அல்ல. ஈரம் எங்கிருந்து வருகின்றது என்று கண்டுபிடித்து நிறுத்தாமல் துடைத்தால் சில மாதத்தில் திரும்ப வந்துவிடும்.

புதுவீடு வாங்கியவர்களையும் இதில் சேர்க்கலாம். மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ப்ரன் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளில் குழாய்க்குள் சுவர்ப்பலகைத் தூளும் மரச்சீவலும் கோப்பிக் கோப்பையும் கிடப்பதை எமக்குத் தெரிந்த பலர் கண்டிருக்கின்றார்கள். அதை ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. பேஸ்மென்டைத் திருத்தும்போது அந்தப் பகுதி வென்ட்களை மூடி ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்கினால் இந்தச் செலவே வராது.

பழைய வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. 1970கள் வரை கட்டிய வீடுகளில் குழாய்ப் பொருத்துகளைச் சுற்றி வெள்ளைத் துணி போன்ற ஒரு பட்டி ஒட்டியிருந்தால் அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அதைச் சுரண்டவோ கிழிக்கவோ வேண்டாம். தொடாமல் இருக்கும்வரை பெரிதாக ஆபத்தில்லை. எடுப்பதானால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களே எடுக்க வேண்டும்.

ஆட்களைக் கூப்பிடுவதானால்

ஒழுங்கான வேலை என்றால் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் பிரதான குழாயில் ஒரு பெரிய உறிஞ்சும் இயந்திரத்தைப் பொருத்துவார்கள். அது குழாய் முழுவதையும் உள்ளிழுத்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு வென்டாகப் போய் அழுத்தக் காற்றாலும் தூரிகையாலும் ஊத்தையை அந்தப் பக்கம் தள்ளுவார்கள். திரும்ப எடுக்கும் குழாய்களும் விசிறிப் பெட்டியும் இதில் அடங்கும். இதற்குப் பல மணி நேரம் எடுக்கும். மேலே சொன்ன அமெரிக்க முகவரகம் ஒரு வீட்டுக்கு 450 முதல் 1000 அமெரிக்க டொலர் வரை ஆகலாம் என்கின்றது. 99 டொலருக்கு வந்து முக்கால் மணித்தியாலத்தில் போகின்றவர் சாதாரண வக்யூமை வென்டுக்குள் விட்டு எடுத்திருப்பார். எமது வீட்டுக்கும் ஒருமுறை அப்படித்தான் வந்து போனார்கள். டொக்டர் வீடு என்று தனி மரியாதை ஒன்றும் கிடைக்கவில்லை.

கிருமிநாசினி, வாசனை மருந்து என்று எதையும் குழாய்க்குள் அடிக்க விடாதீர்கள். அடித்ததை ஃபேர்னஸ் ஊதி ஊதி வீடு முழுக்கப் பரப்பும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குத் தூசியை விட இது மோசம்.

ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல், அழைக்காமல் வாசலுக்கு வந்து குழாய் துப்புரவு, ஃபேர்னஸ், காற்றுச் சுத்திகரிப்பான், தண்ணீர் சூடாக்கி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவது தடை. அப்படி எழுதியது செல்லாது. கையெழுத்து வைத்துவிட்டோமே என்று பயந்து காசு கட்டிக்கொண்டிருப்பவர்களை, முக்கியமாகத் தனியே இருக்கும் முதியவர்களை, இன்றும் காண்கின்றோம். தொலைபேசி இலக்கத்தைத் தேசிய 'அழைக்க வேண்டாம்' பட்டியலில் இலவசமாகப் பதியலாம். சட்டத்தை மதிக்கும் கம்பனிகளின் அழைப்பு குறையும். மற்றவர்களுக்கு நாமேதான் தொலைபேசியை வைக்க வேண்டும்.

பில்டர்

குழாய்க்குச் செலவழிக்க நினைத்த காசில் இருபது, முப்பது டொலரை இதற்கு ஒதுக்குங்கள். வீட்டுக்கு வரும் எமது சொந்தக்காரர் எவரிடமும் பில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கணவர் மனைவியைப் பார்ப்பார், மனைவி கணவரைப் பார்ப்பார். வீடு வாங்கி நான்கு வருடமாக அதே பில்டரோடு இருந்த ஒருவர், அப்படி ஒரு பொருள் வீட்டில் இருப்பதே தெரியாது என்றார்.

ஃபேர்னஸுக்குள் காற்று நுழையும் இடத்தில் ஒரு நீண்ட இடுக்கு இருக்கும். அதற்குள் மட்டைச் சட்டம் போட்ட பில்டர் நிற்கும். அதன் அளவு ஓரத்தில் அச்சடித்திருக்கும், உதாரணமாக 16 x 25 x 1 என்று. அந்த அளவையே வாங்க வேண்டும். சிறியதை வைத்தால் காற்று ஓரத்தால் போய்விடும். சட்டத்தில் ஓர் அம்புக்குறி உண்டு. அது ஃபேர்னஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

ஓர் அங்குலத் தடிப்பு என்றால் மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் விடாதீர்கள். நான்கு, ஐந்து அங்குலத் தடிப்பு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை போகும். நாய், பூனை உள்ள வீட்டிலும், அடிக்கடி பொரிக்கும் வீட்டிலும் முந்தி அடைபடும். மாற்றிய திகதியைப் பேனையால் சட்டத்தில் எழுதிவிடுங்கள்.

பெட்டியில் மேர்வ் என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட நுண்ணிய தூசியைப் பிடிக்கும். சில கடைகளும் கம்பனிகளும் வேறு எண் முறை போட்டிருப்பதால் மேர்வ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எட்டு என்பது சாதாரண வீட்டுக்குப் போதும். ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு 11 அல்லது 13 நல்லது. ஆனால் அதிக எண் என்றால் காற்றும் அதற்குள்ளால் போகக் கஷ்டப்படும். பழைய ஃபேர்னஸில் 13 வைத்தால் சூடு கூடி அது தானாக நின்று நின்று எரியலாம். கோடையில் குளிரூட்டியின் சுருள் பனிக்கட்டி பிடிக்கலாம். ஃபேர்னஸ் திருத்துநரிடம் உங்கள் இயந்திரம் தாங்குமா என்று ஒருமுறை கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விசிறி ஓடும்போது மட்டுமே பில்டர் வேலை செய்யும். சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர்ப் பெட்டியில் விசிறிக்கு 'ஓட்டோ', 'ஒன்' என்று இரண்டு நிலைகள் உண்டு. 2023 ஜூனில் கியூபெக், வட ஒன்ராறியோக் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடியபோது, மூச்சுநோய் உள்ளவர்கள் யன்னலைச் சாத்தி, மேர்வ் 13 பில்டர் போட்டு, விசிறியை 'ஒன்'னில் விட்டிருந்தால் வீட்டுக்குள் ஓரளவு தப்பியிருக்கலாம். அன்று எம்மிடம் வந்தவர்களில் எத்தனையோ பேர் வெக்கை தாங்காமல் யன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். புகைக் காலம் இப்போது கோடை தோறும் வருவதால் ஒரு பில்டரை மேலதிகமாக வாங்கி வையுங்கள்.

நாமே செய்யக்கூடியது

ஃபேர்னஸை நிறுத்துங்கள். நிலத்து வென்ட் மூடிகளைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காய விடுங்கள். வக்யூமின் நீண்ட குழாயை எட்டியமட்டும் உள்ளே விட்டு இழுங்கள். பிள்ளைகள் போட்ட லெகோவும் சில்லறையும் தோட்டில் கழன்ற கல்லும் வரும். ஒரு தாயார் தொலைந்த தாலிக்கொடிச் சுரையை எடுத்ததாகச் சொன்னார். சுவர்த் தட்டிகளிலும் அப்படியே செய்யுங்கள். இந்த வேலைக்கு ஆஸ்துமா உள்ளவர் இறங்கக் கூடாது. முடியும் வரை பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்க முன்னர் செய்தால் போதும்.

குழாய்ப் பொருத்தில் காற்று ஒழுகினால் அலுமினியத் தாள் ரேப்பால் ஒட்டுங்கள். 'டக்ட் ரேப்' என்று பெயர் வைத்த சாம்பல் நிறத் துணி ரேப் குழாய்க்கு உதவாது. 1998இல் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் சோதித்தபோது சூட்டில் உரிந்து தோற்றுப்போனது அதுதான். பெயரைப் பார்த்து ஏமாறுவதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

வென்டுக்கு மேல் கட்டிலையும் சோபாவையும் தள்ளி வைப்பது எம்மிடையே பெரிய பழக்கம். சாமி அறைக்குக் குளிர் வேண்டாம், அந்த அறையைப் பாவிப்பதில்லை என்று நாலைந்து வென்டை மூடிவிட்டால் மற்ற இடங்களில் அழுத்தம் கூடி ஃபேர்னஸ் கஷ்டப்படும். காற்றைத் திரும்ப எடுக்கும் தட்டியை ஒருபோதும் மறைக்காதீர்கள்.

ஈரமும் அடுப்பும்

அந்தப் பையனின் கதைக்குத் திரும்புவோம். அவனுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை செய்தபோது தூசிப்பூச்சிக்குக் கடுமையாக வீங்கியது. இந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. எமது தோற்செதிலைத் தின்று மெத்தை, தலையணை, கார்பெட், பஞ்சுப் பொம்மை இவற்றில் வாழும். அதற்கு ஈரம் வேண்டும். உலர்ந்த உலோகக் குழாய் அதற்கு உகந்த இடம் அல்ல. குழாயை எத்தனை தரம் கழுவினாலும் பூச்சி பிள்ளையின் தலையணையில்தான் இருக்கும். மெத்தைக்கும் தலையணைக்கும் இறுக்கமாக மூடும் உறை போட்டு, விரிப்புகளைக் கிழமைக்கு ஒருமுறை 55 பாகை செல்சியசுக்குக் குறையாத சுடுநீரில் தோய்க்கச் சொன்னோம். பம்பைத் திரும்பத் தொடங்கினோம். இழுக்கும் தடுப்பு மருந்தில் உள்ள ஸ்ரீரொயிட் மிகச் சிறிய அளவு. அது நேரே நுரையீரலுக்குப் போகின்றது. இழுத்தபின் வாய் கொப்பளித்தால் போதும். எம்மிடம் கேட்காமல் நிறுத்துவதே ஆபத்து.

வீட்டு ஈரப்பதனை அளக்கப் பத்து, பதினைந்து டொலருக்கு ஒரு சிறு கருவி விற்கின்றது. கனடியச் சுகாதாரத் திணைக்களம் கோடையில் 50 வீதம், குளிரில் 30 வீதம் அளவில் வைக்கச் சொல்கின்றது. யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஃபேர்னஸோடு இணைத்த ஈரமூட்டி இருந்தால் அதற்குள் நிற்கும் தண்ணீரையும் பஞ்சையும் ஒரு தரம் பாருங்கள். நாம் பார்த்த சிலவற்றை வீட்டு மீன்தொட்டியோடு ஒப்பிடலாம். அதை வருடா வருடம் கழுவி, பஞ்சை மாற்றி, கோடையில் தண்ணீரைப் பூட்டிவிட வேண்டும். புது வீடுகளில் வெளிக்காற்றை மாற்றித் தரும் தனிப் பெட்டி ஒன்றும் இருக்கும். அதன் பில்டரை இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவி, வெளியே அது காற்று எடுக்கும் வாயில் இலை, பனி அடைக்காமல் பாருங்கள்.

சமையலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மிளகாயும் மல்லியும் வறுக்கும் நாளில் மேல்மாடிக் கடைசி அறையிலும் தும்மல் கேட்பது எல்லோருக்கும் தெரிந்ததே. குழாய்கள்தான் அந்தக் காரத்தைக் கொண்டுபோகின்றன. எண்ணெய்ப் புகை குழாயில் பசைபோல் ஒட்ட, அதில் தூசி பிடிக்கும். அடுப்புக்கு மேலுள்ள விசிறி வெளியே ஊதுகின்றதா, அல்லது வெறுமனே வடித்து வீட்டுக்குள்ளேயே திருப்பி விடுகின்றதா என்று பாருங்கள். எம்மவர் பேஸ்மென்டில் வைக்கும் இரண்டாவது குசினி பலவற்றில் விசிறியே இல்லை, ஃபேர்னஸ் பக்கத்திலேயே பொரிப்பு நடக்கும். சாம்பிராணியும் ஊதுபத்தியும் கூட நுரையீரலுக்குப் புகைதான். கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

தலையிடியோடு வந்த குடும்பம்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு திங்கட்கிழமை, பெப்ரவரி மாதம். தாயும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று. ஃப்ளூ பரவிய நேரம். நாமும் வைரஸ் என்றே நினைத்து, ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்ப இருந்தோம். கதவடியில் தாயார் திரும்பி, "கீழே இருக்கிற மாமிக்கும் இதேதான், அவா எழும்பவே ஏலாமல் கிடக்கிறா, இவர் மட்டும் வேலைக்குப் போனால் சுகம் எண்டுறார்" என்றார். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றது. வீட்டுக்கு வெளியே போனால் குறைகின்றது. அந்த வாக்கியத்தை அவர் சொல்லாமல் போயிருந்தால் அன்றிரவு என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு. உடனே 911ஐ அழைத்தோம். தீயணைப்புப் படையினர் மாமியை வெளியே எடுத்தார்கள். ஃபேர்னஸின் உட்பகுதியில் வெடிப்பு. எரிந்த வாயு வீட்டுக் காற்றோடு கலந்து குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போய்க்கொண்டிருந்தது. மாமி பிழைத்துக்கொண்டார்.

இது காபனோரொட்சைட்டு. நிறமும் மணமும் இல்லை. குருதியில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் அதை விட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். கோவிட் காலத்தில் பலர் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி இதைக் காட்டாது. நஞ்சேறிய இரத்தத்தையும் நல்ல இரத்தம் என்றே எண்ணி 98, 99 என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். வெளியே போய் 911ஐ அழையுங்கள்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோ வுட்ஸ்டொக்கில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே இறந்தது. அவர்கள் வீட்டில் அபாய ஒலிக்கருவி இருக்கவில்லை. அதன்பின் வந்த சட்டப்படி 2014 ஒக்ரோபர் முதல், எரிபொருள் எரியும் சாதனமோ வீட்டோடு ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் இந்தக் கருவி கட்டாயம். 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு தளத்திலும் கட்டாயம் ஆக்கியிருக்கின்றார்கள். கருவிக்கும் ஆயுள் உண்டு. பின்புறம் திகதி இருக்கும். ஏழு முதல் பத்து வருடத்தில் மாற்ற வேண்டும். வாடகை வீட்டில் அதைப் பூட்டித் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு.

வருடத்துக்கு ஒருமுறை, குழாய்க்காரரை அல்ல, ரி.எஸ்.எஸ்.ஏ. அனுமதி பெற்ற வாயுத் தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிட்டு ஃபேர்னஸைச் சோதியுங்கள். புதிய ஃபேர்னஸ்கள் வீட்டுப் பக்கச் சுவரால் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் வழியாக மூச்சு விடுகின்றன. 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் அடுத்தடுத்து வந்த பனிப்புயல்களில் அந்தக் குழாய்கள் எத்தனை வீடுகளில் புதைந்திருந்தன என்று பார்த்தோம். காருக்கு வழி வெட்டும்போது அந்தக் குழாயைச் சுற்றியும் வெட்டிவிடுங்கள். மின்சாரம் நின்றால் கரி அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். 2013 டிசம்பர் பனிக்கட்டிப் புயலின்போது அப்படிச் செய்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கராஜ் கதவு திறந்திருந்தாலும் காரை உள்ளே நிறுத்தி வைத்துச் சூடேற்ற வேண்டாம்.

உடுப்புக் காயவைக்கும் ட்ரையரின் குழாயும் இதே வகைதான். பஞ்சு அடைத்தால் தீப்பிடிக்கும். உலோகக் குழாய் போட்டு, வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவாக்குங்கள். சூடு வீணாகப் போகின்றதே என்று அதை வீட்டுக்குள் திருப்பி விடும் கெட்டிக்காரர்களும் எம்மில் இருக்கின்றார்கள். மின்சார ட்ரையர் என்றால் பூஞ்சணம் வரும். வாயு ட்ரையர் என்றால் உயிர் போகும்.

பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கு

அகதியாக வந்த புதிதில், 90களில், நாமும் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் ஆறு பேராக இருந்தோம். ஃபேர்னஸ் அறைதான் எமது களஞ்சிய அறை. அரிசி மூட்டை, பழைய பேப்பர், பெயின்ற் ரின் எல்லாம் அதன்மேல் சாய்ந்து நின்றன. இன்றும் அதே காட்சியைக் காண்கின்றோம். ஃபேர்னஸைச் சுற்றி ஓர் ஆள் நின்று வேலை செய்யும் இடமாவது விடுங்கள். பெற்றோல், பெயின்ற், கரைப்பான் எதையும் அங்கே வைக்க வேண்டாம்.

மேலேயும் கீழேயும் ஒரே ஃபேர்னஸ் என்றால் காற்றும் ஒன்றுதான். மேலே சிகரெட் பிடித்தால் கீழே பிள்ளை இருமும், கீழே பொரித்தால் மேலே மணக்கும். பில்டரை யார் மாற்றுவது என்று வாடகை பேசும்போதே பேசிக்கொள்ளுங்கள். கருவி இல்லையென்றால் கேட்கத் தயங்காதீர்கள். வீட்டுக்கார அண்ணை கோபிப்பார் என்று பேசாமல் இருப்பவர்கள், தீயணைப்புப் பிரிவின் அவசரமில்லாத இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். அவர்கள் வந்து பார்ப்பார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். சொருகியில் மாட்டும் ஒலிக்கருவி ஒன்றை இன்றே கடையில் வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள்.